அமெரிக்காவில் பிஎச்.டி.: விண்ணப்பிக்கும் முன் யாரைத் தேடுவது, யாருக்கு எழுதுவது?

கேள்வி: "எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சோடியம் அயனி பேட்டரியில் ப்ராஜெக்ட் செய்திருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎச்.டி. சேர வேண்டும். பல்கலைக்கழகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மெயில் அனுப்ப வேண்டுமா? நூறு பேருக்கு அனுப்பினால் பத்துப் பேராவது பதில் போடுவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்."

நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். பத்து, பதினைந்து பேர் போதும். ஆனால் அந்தப் பதினைந்து பேரைக் கண்டுபிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில் முக்கால்வாசி இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பதுதான். உங்களைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர் யார்? ஐந்து, ஆறு ஆண்டு உங்களுக்கு ஸ்டைபெண்ட் எனும் உதவித்தொகை கொடுக்கப்போவது யார்? இரண்டுக்கும் விடை துறைக்குத் துறை மாறும். அது தெரியாமல் எழுதினால், எவ்வளவு நல்ல மெயிலாக இருந்தாலும் கையில் அதிகாரம் இல்லாதவரிடம் போய்ச் சேரும்.

முடிவெடுப்பவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெரும்பாலான வேதியியல் துறைகளில் ஒரு குழுதான் விண்ணப்பங்களைப் படித்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் ஆண்டில் நீங்கள் டீச்சிங் அசிஸ்டென்டாக லேப் வகுப்பு எடுப்பீர்கள். ஸ்டைபெண்ட் அதிலிருந்து வரும். பல பேராசிரியர்களைச் சந்தித்துப் பேசிய பிறகு, பெரும்பாலும் முதல் செமஸ்டர் முடிவில்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள். உயிரியலில் இதுவே ரொட்டேஷன் என்ற பெயரில் நடக்கிறது. சுமார் பத்து வாரம் வீதம் இரண்டு மூன்று லேப்களில் வேலை செய்து பார்த்துவிட்டு ஒன்றில் நிலைப்பது. இத்தகைய துறைகளில் ஒரு பேராசிரியர் நினைத்தால் மட்டும் உங்களுக்கு இடம் கொடுத்துவிட முடியாது.

பொறியியல் பக்கம் நிலைமை வேறு. மெட்டீரியல் சயின்ஸ், கெமிக்கல், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகள் பலவற்றில், "இந்த மாணவரை நான் எடுத்துக்கொள்கிறேன், என் ஆராய்ச்சி நிதியான கிரான்டிலிருந்து பணம் தருகிறேன்" என்று ஒரு பேராசிரியர் சொன்னால்தான் விண்ணப்பம் நகரும். அங்கே முன்கூட்டியே எழுதும் மெயிலுக்கு உண்மையான பலன் உண்டு.

உங்கள் விஷயத்தில் இது வெறும் தகவல் அல்ல. சோடியம் அயனி பேட்டரி ஆராய்ச்சி வேதியியல், மெட்டீரியல் சயின்ஸ், கெமிக்கல், மெக்கானிக்கல் என்று நான்கு துறைகளிலும் நடக்கிறது. ஒரே பேராசிரியர் வேதியியலில் முழுப் பதவியும் மெட்டீரியல் சயின்ஸில் இணைப் பொறுப்பும் வைத்திருப்பார். அவருடைய லேபுக்கு மாணவர்கள் எந்தத் துறை வழியாக வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். லேப் பக்கத்தில் மாணவர் பெயருக்குக் கீழேயே துறையும் இருக்கும். ஆறு மாணவரில் ஐந்து பேர் மெட்டீரியல் சயின்ஸ் என்றால், நீங்கள் வேதியியலில் விண்ணப்பிப்பது சுற்றுவழி. தெரியாவிட்டால் அதையே மெயிலில் கேட்கலாம். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய, உருப்படியான கேள்வி அது.

லேப் பக்கத்தில் பெயரைக் கண்டவுடன் பதவியையும் பாருங்கள். எமரிட்டஸ் என்றிருந்தால் ஓய்வு பெற்றவர், பொதுவாகப் புது மாணவர் எடுக்கமாட்டார். டீச்சிங் ப்ரொஃபசர் பிஎச்.டி. மாணவரை வழிநடத்துவது அபூர்வம். அட்ஜங்க்ட் என்றால் அவருடைய முதன்மை வேலை வேறெங்கோ இருக்கலாம். அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் என்றால் டென்யூர் எனும் பணி நிரந்தரம் கிடைக்க ஏறத்தாழ ஆறு ஆண்டு ஓட்டத்தில் இருப்பவர். புதிதாக வந்தவரிடம் பல்கலைக்கழகம் கொடுத்த தொடக்க நிதி இருக்கும், மாணவர் தேவை இருக்கும், மெயிலுக்குப் பதிலும் பெரும்பாலும் வரும். ஆனால் நீங்கள் சேரும்போது அவருக்கு நான்காவது ஆண்டு என்றால், உங்கள் பிஎச்.டி.யின் நடுவில் அவருடைய டென்யூர் முடிவு வரும். கிடைக்காமல் போனால் லேப் மூடும், அல்லது வேறு ஊருக்குப் போகும். அதற்காக இளம் பேராசிரியர்களை ஒதுக்க வேண்டாம். எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அடுத்தது பணம். நம் மாணவர்கள் இந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அமெரிக்காவில் இது பெருமளவு பொதுவெளியில் கிடைக்கிறது. அந்தப் பேராசிரியரின் கடைசி மூன்று கட்டுரைகளை எடுத்து, இறுதியில் இருக்கும் நன்றியுரையைப் படியுங்கள். எந்த அமைப்பு, எந்த கிரான்ட் எண் என்று அங்கே இருக்கும். டி.எம்.ஆர். அல்லது சி.எச்.இ. என்று தொடங்கி ஏழு இலக்க எண் வந்தால் அது என்.எஸ்.எஃப். எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணம். முன்னது மெட்டீரியல் ஆராய்ச்சிப் பிரிவு, பின்னது வேதியியல் பிரிவு. என்.எஸ்.எஃப். தளத்தில் அவார்டு சர்ச் என்ற தேடுபெட்டியில் அந்த எண்ணையோ பேராசிரியர் பெயரையோ போட்டால் தலைப்பு, தொடக்க நாள், முடியும் நாள், இதுவரை கொடுத்த தொகை, திட்டச் சுருக்கம் எல்லாம் வரும். மருத்துவ, உயிரியல் பக்கம் இதே வேலையை என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனத்தின் ரிப்போர்ட்டர் தளம் செய்கிறது. பேட்டரிக்காரர்கள் பலருக்கு அமெரிக்க அரசின் எரிசக்தித் துறைப் பணமும் இருக்கும். அது என்.எஸ்.எஃப். தேடலில் வராது, நன்றியுரையில் தெரியும்.

இதை எப்படி வாசிப்பது என்று ஓர் உதாரணம். கேரியர் அவார்டு என்பது இளம் பேராசிரியர்களுக்கு என்.எஸ்.எஃப். கொடுக்கும் ஐந்தாண்டு கிரான்ட். குறைந்தபட்சம் 4 லட்சம் டாலர், பொறியியலிலும் உயிரியலிலும் 5 லட்சம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 80,000 டாலர். அதில் பல்கலைக்கழகம் மேல்செலவு என்று ஒரு பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஸ்டைபெண்ட், டியூஷன், மருத்துவக் காப்பீடு, ரசாயனம், கருவிக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். ஆக அந்த கிரான்ட் ஒரு மாணவரைத் தாங்கும், அவ்வளவுதான். அந்த ஒருவர் ஏற்கெனவே லேபில் இருக்கிறாரா என்று மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடியும் நாளையும் பாருங்கள். நீங்கள் ஆகஸ்டில் சேர, கிரான்ட் அந்த ஜூலையோடு முடிகிறது என்றால், வேறு கிரான்ட் இருக்க வேண்டும், அல்லது நீங்கள் நீண்டகாலம் டீச்சிங் செய்ய வேண்டும். தாமதமாகும் திட்டங்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைப்பதுண்டு. அது கால நீட்டிப்பு மட்டுமே, கூடுதல் பணம் வராது.

வெளிநாட்டு மாணவர் என்பதால் நமக்கு மட்டும் பொருந்தும் இரண்டு முடிச்சுகள் உண்டு. டி32 எனப்படும் என்.ஐ.எச். பயிற்சி நிதியும் என்.எஸ்.எஃப். கொடுக்கும் முனைவர் ஃபெலோஷிப்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். உயிர்மருத்துவத் துறைகள் பலவற்றில் வெளிநாட்டவருக்கு இடம் மிகக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் மதிப்பெண் குறைவு என்பதால் அல்ல.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி, சான் டியேகோ, இர்வைன் போன்ற யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள். வெளிமாநில அமெரிக்க மாணவர் ஓராண்டில் கலிஃபோர்னியாவாசி ஆகிவிடலாம், எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் ஆக முடியாது. ஆகவே பிஎச்.டி. ஆய்வைத் தொடரத் தகுதி தரும் கேண்டிடசி தேர்வு முடியும்வரை ஆண்டுக்கு 15,102 டாலர் கூடுதல் டியூஷனை யாராவது கட்ட வேண்டும். கேண்டிடசிக்குப் பின் மூன்று ஆண்டு வரை அந்தத் தொகை இல்லை. துறை கட்டுகிறதா, பேராசிரியரின் கிரான்ட் கட்டுகிறதா என்பது வளாகத்துக்கு வளாகம் வேறு. பேராசிரியர்தான் கட்ட வேண்டும் என்றால், வெளிநாட்டு மாணவரை எடுக்க அவர் இருமுறை யோசிப்பார். "உங்கள் துறையில் வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் டியூஷனை யார் ஏற்கிறார்கள்?" என்று துறை அலுவலகத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

நிதி விஷயத்தில் இன்னொன்று. 2025 வசந்தத்தில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி தடுமாறியபோது, மாசசூசெட்ஸில் உள்ள யூமாஸ் சான் மருத்துவப் பள்ளி பிஎச்.டி. விண்ணப்பதாரர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த இடங்களைத் திரும்பப் பெற்றது. வேறு பல பல்கலைக்கழகங்களும் எண்ணிக்கையைக் குறைத்தன. எனவே "இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா?" என்ற கேள்வியைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். போன ஆண்டு சீனியருக்குக் கிடைத்த பதிலை வைத்து இந்த ஆண்டைக் கணக்கிடவும் வேண்டாம்.

தேடியதை எல்லாம் ஓர் எக்ஸெல் தாளில் போடுங்கள். தொடக்கத்தில் 30 பெயர் இருக்கட்டும். பேராசிரியர், துறை, சேர்ந்த ஆண்டு, கிரான்ட் முடியும் நாள், லேபில் எத்தனை மாணவர், கடைசி இரண்டு ஆண்டில் வந்த கட்டுரைகள், டெட்லைன், ஜி.ஆர்.இ. வேண்டுமா, கட்டணம் எவ்வளவு. விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 75 முதல் 125 டாலர் வரை. பத்து இடம், சராசரி 90 டாலர் என்றால் 900 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 76,500 ரூபாய். கட்டண விலக்குகள் பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களுக்குத்தான். ஆனாலும் துறை நடத்தும் ஆன்லைன் அறிமுகக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு கொடுக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு கண்ணில் பட்டால் விண்ணப்பிக்கும் இடங்கள் தானாக எட்டு, பத்தாகச் சுருங்கும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் வேலை செய்ய விரும்பும் பேராசிரியர் ஒருவர் மட்டுமே இருக்கும் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அவர் இடம் மாறினாலோ, நிதி தீர்ந்தாலோ உங்களுக்குப் போக்கிடம் இருக்காது. குறைந்தது மூவர் வேண்டும்.

இப்போது மெயில். நேரம் முக்கியம். பெரும்பாலான டெட்லைன்கள் டிசம்பர் 1 முதல் 15 வரை, சில ஜனவரி நடுவரை. அமெரிக்கப் பேராசிரியர்கள் பலருக்கு ஒன்பது மாதச் சம்பளம்தான், கோடையில் மெயில் பார்ப்பது மெதுவாக நடக்கும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை எழுதுவது நல்லது. நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், அந்த வாரம் எழுதினால் அடியில் புதைந்துவிடும். செவ்வாய் முதல் வியாழனுக்குள், அவர்கள் ஊரில் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். நியூயார்க்கில் காலை 8 என்றால் நமக்கு மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்புவார்கள், அதன் பிறகு 6.30. நள்ளிரவில் எழுதி முடித்தாலும் ஷெட்யூல் செய்து அனுப்பலாம்.

எழுதுவதற்கு முன் லேப் பக்கத்தில் "சேர விரும்புவோருக்கு" என்ற பகுதியை முழுக்கப் படியுங்கள். சிலர் மெயில் அனுப்ப வேண்டாம், நேரடியாக விண்ணப்பியுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் அனுப்பக் கூடாது. சிலர் சப்ஜெக்ட் வரியில் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் போடச் சொல்வார்கள். பக்கத்தைப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரிக்கும் சல்லடை அது.

மெயில் ஆங்கிலத்தில் 150 முதல் 200 சொல்லுக்குள் இருக்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்டை வைத்தே உள்ளடக்கம் எப்படி இருக்கலாம் என்று காட்டுகிறேன்:

"பேராசிரியர் அவர்களுக்கு, பி2 வகை சோடியம் நிக்கல் மாங்கனீசு ஆக்சைடில் மக்னீசியம் சேர்த்தால் 4.2 வோல்ட்டுக்கு மேல் வரும் ஓ2 கட்டமாற்றம் தணிகிறது என்று காட்டிய உங்கள் குழுவின் கட்டுரையைப் படித்தேன். என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் இதே பொருளை சால்-ஜெல் முறையில் தயாரித்தேன். 50 சுழற்சிக்குப் பின் என் செல்களின் கொள்திறன் நீங்கள் காட்டியதைவிட வேகமாகக் குறைந்தது. என் மாதிரிகள் ஒரு வாரம் திறந்த காற்றில் இருந்தவை. ஈரப்பதம் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் உலையிலிருந்து எடுத்தவுடன் க்ளவ்பாக்ஸுக்கு மாற்றினீர்களா? அடுத்த ஃபால் பருவத்துக்குப் புதிய பிஎச்.டி. மாணவர் எடுக்கும் திட்டம் இருக்கிறதா? இருந்தால், வேதியியல், மெட்டீரியல் சயின்ஸ் இரண்டில் எந்தத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம்? சி.வி. இணைத்திருக்கிறேன்."

இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. கட்டுரையைப் படித்தேன் என்று அறிவிப்பதோடு நிற்காமல், படித்தவர் மட்டும் கேட்கக்கூடியதைக் கேட்கிறது. தோல்வியடைந்த அளவீட்டை மறைக்காமல் சொல்கிறது. லேபில் ஓராண்டு இருந்தவருக்கு அது பலமாகத்தான் தெரியும். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் ஃபோனிலேயே ஒரு வரியில் பதில் அடித்துவிடலாம்.

சப்ஜெக்ட் வரியில் சேரும் பருவம், பிஎச்.டி., தலைப்பு மூன்றும் இருக்கட்டும். விளிப்பு "டியர் ப்ரொஃபசர்", அடுத்து அவருடைய குடும்பப் பெயர். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கினால், பெறுபவர் பெண்ணாக இருக்கும்போது அந்த முதல் வரியோடு மெயில் முடிந்துவிடும். "எஸ்டீம்டு யுனிவர்சிட்டி" வேண்டாம். சி.வி. இரண்டு பக்க பிடிஎஃப், ஃபைல் பெயரில் உங்கள் பெயர். சி.ஜி.பி.ஏ.வை நீங்களாக நான்கு புள்ளிக் கணக்குக்கு மாற்ற வேண்டாம், 8.4/10 என்றே எழுதுங்கள். அரியர் இருந்திருந்தால் முதல் மெயிலில் அதை விளக்க வேண்டியதில்லை, விண்ணப்பத்தில் அதற்கு இடம் இருக்கிறது. காப்பி பேஸ்ட் செய்தால் பேராசிரியர் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சாம்பல் நிறத்தில் விழும். எழுதியவருக்குக் கண்ணில் படாது, படிப்பவருக்கு முதலில் அதுதான் படும். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் ஒரே மெயில் போனால், அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருவருக்கு எழுதி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெயிலில் இனிஷியலோடு ஒரு பெயர், சி.வி.யில் அப்பா பெயரை விரித்து ஒன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக மூன்றாவது. உங்களைப் பிடித்துப்போன பேராசிரியர் டிசம்பரில் விண்ணப்பத் தொகுப்பில் உங்கள் பெயரைத் தேடும்போது கிடைக்காது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும், பிறகு வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது கூடவே வரும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுவது நல்லது.

பேராசிரியரைக் கேட்கக் கூடாதவையும் உண்டு. டெட்லைன், கட்டணம், ட்ரான்ஸ்கிரிப்ட், டோஃபல் மதிப்பெண் எல்லாம் ப்ரோகிராம் கோஆர்டினேட்டர் வேலை. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் முடித்தவரைச் சேர்ப்பார்களா என்பதும் அவரிடமே கேட்க வேண்டியது. பல இடங்களில் 16 ஆண்டுக் கல்வி கேட்பார்கள், உங்களுக்கு எம்.எஸ்சி. இருப்பதால் கவலையில்லை. டீச்சிங் அசிஸ்டென்டுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தனி மதிப்பெண் வேண்டுமா என்று கோஆர்டினேட்டரிடம் கட்டாயம் கேளுங்கள். வேதியியலில் முதலாண்டுப் பணமே அதை நம்பி இருக்கிறது. "என் ப்ரொஃபைலுக்கு இடம் கிடைக்குமா?" என்று யாரிடமும் கேட்க வேண்டாம், யாராலும் பதில் சொல்ல முடியாது.

பதில் வராததுதான் அதிகம் நடக்கும். அது மறுப்பு அல்ல. 10 முதல் 14 நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி நினைவூட்டல் ஒன்று போடலாம். மூன்றாவது மெயில் வேண்டாம். "விண்ணப்பிக்க ஊக்குவிக்கிறேன்" என்று மட்டும் வந்தால் அது எல்லோருக்கும் போகும் பதில், பட்டியலில் அந்தப் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். "எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையில்) என் பெயரைக் குறிப்பிடுங்கள்" என்றால் விண்ணப்பம் கண்ணில் படும்போது படிப்பார் என்று பொருள். உங்கள் கேள்விக்கு விடை சொல்லி, திரும்ப ஒரு கேள்வி கேட்டாலோ, ஜூமில் பேசலாம் என்றாலோதான் உண்மையான அக்கறை. அந்தப் பேச்சுக்கு உங்கள் ப்ராஜெக்டிலிருந்து மூன்று படம் தயாராக இருக்கட்டும். "நிதி இல்லை" என்று நேர்மையாகச் சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு 90 டாலர் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார்.

லேப் மாணவர்களிடம் பேசாமல் பட்டியலை முடிக்காதீர்கள். முதலில் முன்னாள் மாணவர் பட்டியலைப் பாருங்கள். ஐந்து பேரில் மூவர் இரண்டே ஆண்டில் எம்.எஸ்.ஸோடு வெளியேறியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். பிறகு மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு எழுதி 15 நிமிடம் பேச நேரம் கேளுங்கள். எழுத்தில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். கடைசியாக முடித்த மூவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? கிரான்ட் முடிந்தபோது மாணவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஸ்டைபெண்ட் ஒன்பது மாதமா, பன்னிரண்டு மாதமா? அதிலிருந்து திரும்பக் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு? தொகையைச் சொன்னதும் எம்.ஐ.டி.யின் லிவிங் வேஜ் கால்குலேட்டரில் அந்தக் கவுன்டியின் (மாவட்டத்தின்) செலவோடு ஒப்பிடுங்கள். "பேராசிரியர் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "வாரத்தில் எத்தனை முறை சந்திப்பீர்கள், கட்டுரை வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?" என்று கேளுங்கள்.

டிசம்பரில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும், பதில் எழுதியிருந்த பேராசிரியர்களுக்கு மட்டும் அதே மெயில் தொடரில் இரண்டு வரி போடுங்கள்: எந்தத் துறைக்கு விண்ணப்பித்தீர்கள், விண்ணப்ப எண் என்ன. அக்டோபரில் பேசிய மாணவரை ஜனவரியில் அவர் நினைவில் வைத்திருக்கமாட்டார், அந்தத் தொடரைத் திறந்தால் நினைவு வரும். இடம் கிடைத்த பிறகு ஒருவர் உடனே முடிவு சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினால், பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட இடங்களில், நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்த நாள்வரை பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.